இரு வீரர், இரு முதுசங்கள்

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எவர் எத்தனை கோல் அடித்தார், எந்த ஆண்டில் எந்தக் கிண்ணத்தை வென்றார், எவருடைய சாதனையை எவர் முறியடித்தார் என அடுக்கிவிட்டால், ஒரு வீரரைப் பற்றிக் கூற வேண்டியவை யாவும் கூறி முடிந்தன என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் சாதனை எண்கள் நிலைப்பவையல்ல. இன்று முறியடிக்க முடியாதது எனப் போற்றப்படும் எண், ஒரு தலைமுறைக்குள் மூன்றாம் இடத்துக்கோ நான்காம் இடத்துக்கோ இறங்கிவிடுகின்றது. தேசவழமையின் மொழியிற் சொல்வதானால், ஒருவர் தம் காலத்தில் ஈட்டியது தேடிய தேட்டம்; அது பின்வருவோர் கைக்குச் சேர்ந்து அவர்களால் ஆளப்படும் போதே முதுசமாகின்றது. தேட்டத்தில் எது முதுசமாகும் என்பதைத் தேடியவர் தனித்துத் தீர்மானிப்பதில்லை. அவர் வாழ்ந்த சமுதாயமும், அச்சமுதாயத்தின் முரண்பாடுகளுமே அதனைத் தீர்மானிக்கின்றன.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டக்கூடிய இருவர் கனடாவின் பனிக்கட்டி ஹொக்கி ஆட்டத்திலே தோன்றினர். ஒருவர் மொன்றியல் அணியின் மொறீஸ் றிஷார். மற்றவர் டெற்றோயிற் அணியின் கோர்டி ஹவ். நம் பாடசாலைப் புற்றரைகளில் ஆடப்படும் ஹொக்கி வேறு, இது வேறு. உறைபனித் தளத்தின் மீது சறுக்குச் சப்பாத்து அணிந்து, அணிக்கு அறுவராக நின்று, கடினமான றப்பர் வில்லை ஒன்றைத் தடியால் அடித்துக் கோலுக்குள் செலுத்தும் ஆட்டம் இது. வேகமும் மோதலும் மிக்கது. பனிக்காலம் நீண்ட கனடாவில், குளிரில் உறைந்த குளங்களே ஏழைச் சிறுவரின் முதல் மைதானங்கள். றிஷாரும் ஹவும் அத்தகைய சிறுவராக இருந்து மேலெழுந்தவர்களே.

இருவரும் ஒரே இலக்கமாகிய 9 பொறித்த உடுப்பை அணிந்தனர். இருவரும் வலது ஓரத்து முன்னணி ஆட்டக்காரர்கள். 1952, 1954, 1955, 1956 ஆகிய நான்கு ஆண்டுகளில் இவர்களுடைய அணிகளே ஸ்ரான்லிக் கிண்ண இறுதிச் சுற்றில் எதிர்த்து நின்றன. முதல் மூன்றில் டெற்றோயிற் வென்றது. நான்காவதில் மொன்றியல் வென்றது. இருவருள் பெரியவர் யார் என்ற விவாதம் கனடாவின் நகரங்களிலும் கிராமங்களிலும் பல ஆண்டுகள் நடைபெற்றது. அவ்விவாதத்துக்குத் தீர்ப்புக் கூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் விட்டுச் சென்றவை யாவை, அவற்றை யார் எவ்வாறு பெற்றுக்கொண்டனர் என்பதே நமது வினா.

முதலில் அவர்கள் உழைத்த தொழிற்களத்தை நோக்குவோம். தொழிற்களம் என்னும் சொல் இங்கு உவமையன்று. 1942 முதல் 1967 வரை தேசிய ஹொக்கி லீக்கில் ஆறே கழகங்கள் இருந்தன: மொன்றியல், ரொறன்ரோ, டெற்றோயிற், சிக்காகோ, பொஸ்ரன், நியூயோர்க். ஆகவே உச்ச நிலையில் ஆடுவதற்கு நூற்றுச் சொச்சம் இடங்களே இருந்தன. வாசலில் காத்து நின்ற இளைஞரோ ஆயிரக்கணக்கினர். கழகங்களை உடைமையாகக் கொண்டவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவர். தானிய வணிகத்தாற் செல்வம் குவித்த நொறிஸ் குடும்பம் டெற்றோயிற் கழகத்தைச் சொந்தமாக வைத்திருந்ததுடன், சிக்காகோ, நியூயோர்க் ஆகிய கழகங்களின் அலுவல்களிலும் செல்வாக்குச் செலுத்திற்று. சிறு வயதில் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்ட இளைஞன், கழகம் தானாக அவனை விற்கும் வரை அல்லது விடுவிக்கும் வரை அக்கழகத்துக்கே கட்டுப்பட்டவன். கூடிய கூலி தருவோரைத் தேடிச் செல்லும் உரிமை, அதாவது முதலாளித்துவம் சாதாரணத் தொழிலாளிக்கு ஏட்டளவிலேனும் வழங்கும் உரிமை, அவனுக்கு இருக்கவில்லை. அரங்கு நிறைந்தது, நுழைவுச்சீட்டுப் பணம் குவிந்தது. ஆட்டக்காரனோ கோடையில் வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

இக்களத்துக்கு வந்த இருவருடைய பிறப்பையும் காண்போம். றிஷார் 1921 ஆம் ஆண்டு மொன்றியலிற் பிறந்தவர். தந்தையார் கனேடியன் பசுபிக் புகையிரதக் கம்பனியிற் கூலிக்கு உழைத்தவர். மகனும் இயந்திர வினைஞராகப் பயின்றார். 1942 இல் மொன்றியல் அணியிற் சேர்ந்த அவர், 1944–45 பருவத்தில் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்தார். அதற்கு முன் எவரும் அதனைச் செய்திருக்கவில்லை. 1952 இல் லீக்கின் மொத்தக் கோல் சாதனையைத் தம்முடையதாக்கினார். 1957 இல் 500 கோல்களை எட்டிய முதல்வரானார். அவர் ஆடிய காலத்தில் மொன்றியல் எட்டுத் தடவை கிண்ணத்தை வென்றது. 1956 முதல் 1960 வரை ஐந்து ஆண்டுகள் இடையறாது வென்றது. 'றொக்கற்' என்பது அவருக்கு வழங்கப்பட்ட பெயர். எதிரணியினர் தோளிலே தொங்கிக்கொண்டிருக்க, கோலை நோக்கிப் பாய்ந்து செல்லும் அவரது ஆவேசம் அப்பெயருக்குப் பொருத்தமானதே.

ஹவ் 1928 ஆம் ஆண்டு சஸ்கற்சுவான் மாகாணத்திற் பிறந்து, சஸ்கற்றூன் நகரில் வளர்ந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் ஒருவர். உலகப் பொருளாதார நெருக்கடியும் வறட்சியும் ஒருங்கே அச்சமவெளிகளை வாட்டிய காலம் அது. வறுமையால் வாடிய அயற்பெண் ஒருத்தி பழம்பொருட்கள் கொண்ட சாக்கு ஒன்றை விற்க வந்தபோது, ஹவின் தாயார் அதை ஒன்றரை டொலருக்கு வாங்கினார். அச்சாக்கினுள் ஒரு சோடிச் சறுக்குச் சப்பாத்து இருந்தது. சகோதரி ஒரு காலுக்கும் தம்பி ஒரு காலுக்குமாக அதனைப் பங்கிட்டு மாட்டிக்கொண்டனர். பின்னாளில் உலகம் போற்றிய வீரரின் தொடக்கம் அந்த ஒற்றைச் சப்பாத்துத்தான். 1946 இல் அவர் டெற்றோயிற் அணிக்கு வந்தார். 1950 இல் ஆட்டத்தின்போது தலையிற் பட்ட காயத்தால் உயிருக்குப் போராடி, சத்திரசிகிச்சையின் பின் மீண்டு, அடுத்த பருவத்திலேயே புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றார். 1952–53 பருவத்தில் 49 கோல்கள் அடித்து றிஷாரின் ஐம்பதை நெருங்கினார். இறுதி ஆட்டம் மொன்றியல் அணியுடனேயே அமைந்தது. மொன்றியல் வீரர்கள் அவரைக் கோல் அடிக்க விடவில்லை. றிஷாரின் ஆட்டம் மின்னல் என்றால், ஹவின் ஆட்டம் தேர்ந்த கைவினைஞனின் வேலை. எக்கையாலும் அடிப்பார்; எவ்விடத்தும் ஆடுவார்; வீண் அசைவு இராது; தம்மை இடித்தவரை முழங்கையால் நினைவுபடுத்தாமலும் விடமாட்டார்.

இதுவரை கூறியவை தேடிய தேட்டத்தின் கணக்கு. இனி முதுசத்தின் கணக்குக்கு வருவோம்.

றிஷார் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு நாவில் அது றிஷார்; ஆங்கில நாவில் அது றிச்சேட். ஒரே மனிதரின் பெயர் இரு விதமாக ஒலித்த நகரம் மொன்றியல். கியூபெக் மாகாண மக்களுட் பெரும்பான்மையோர் பிரெஞ்சு மொழி பேசுவோர். ஆயினும் பெரிய வங்கிகளும் ஆலைகளும் வணிக நிலையங்களும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் கையில் இருந்தன. தொழிலாளி பிரெஞ்சிற் பேசினான். மேற்பார்வையாளன் ஆங்கிலத்திற் கட்டளையிட்டான். 1961 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின் தரவுகளை ஆராய்ந்த கனடிய அரச ஆணைக்குழு, கியூபெக்கில் வாழ்ந்த பதினான்கு இனப் பிரிவுகளுள் பிரெஞ்சு வழியினரான ஆண்களின் உழைப்பு வருமானம் பன்னிரண்டாம் இடத்தில் இருந்ததெனக் கண்டது. சொந்த மண்ணிற் பெரும்பான்மையினராக இருந்தும், பொருளாதாரப் படிக்கட்டின் அடியில் நின்ற மக்கள் அவர்கள். அத்தகைய மக்களிடையே, புகையிரதத் தொழிலாளியின் மகன் ஒருவன், தடுப்போர் அனைவரையும் இழுத்துக்கொண்டு கோலை நோக்கிப் பாய்ந்தபோது, அவர்கள் கண்டது ஓர் ஆட்டத்தை மட்டுமோ?

லீக்கின் தலைவராக 1946 முதல் இருந்தவர் கிளறன்ஸ் கம்பெல் என்ற ஆங்கிலேயக் கனடியர். றிஷார் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் தம் பெயரிற் பத்தி வெளியிட்டு வந்தார். தம் தோழர் ஒருவருக்கு விதிக்கப்பட்ட ஆட்டத் தடையைக் கண்டித்து, 1954 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அப்பத்தியிற் கம்பெலைச் சர்வாதிகாரி எனச் சாடினார். விளைவு யாது? மன்னிப்புக் கோரும்படியும் பத்தியை நிறுத்தும்படியும் அவர் பணிக்கப்பட்டார். நன்னடத்தைக்குப் பிணையாக 1,000 டொலரும் கட்ட வேண்டியதாயிற்று. தடி பிடித்த கை பேனா பிடிக்கலாகாது என்பதே அதன் பொருள்.

1955 மார்ச் 13 ஆந் திகதி பொஸ்ரன் நகரில் நடந்த ஆட்டத்தில், எதிரணி வீரர் ஒருவரின் தடி றிஷாரின் தலையைக் காயப்படுத்தியது. குருதி வழிய அவர் திருப்பித் தாக்கினார். தம்மைப் பிடித்து நிறுத்திய கோட்டு நடுவரையும் அடித்தார். நடுவரை அடித்தமை குற்றமே, அதனை மறுப்பதற்கில்லை. மார்ச் 16 இல் கம்பெல் தீர்ப்பு வழங்கினார். பருவத்தின் எஞ்சிய மூன்று ஆட்டங்களோடு, கிண்ணச் சுற்று முழுவதிலும் றிஷார் ஆடக்கூடாது. முதன் முறையாகப் புள்ளிப் பட்டியலின் முதலிடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வேளையில் அத்தீர்ப்பு வந்தது. குற்றத்துக்குத் தண்டனை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் அதனை வரவேற்றன. வேறொருவனாயின் இவ்வளவு தண்டனை கிடைத்திருக்குமா என்று பிரெஞ்சு மக்கள் கேட்டனர்.

மறுநாள் மார்ச் 17. மொன்றியல் அரங்கில் ஆட்டம். எதிரணி வேறெதுவுமன்று, ஹவின் டெற்றோயிற். வர வேண்டாம் என்ற எச்சரிக்கைகளையும் பொருட்படுத்தாது கம்பெல் தம் ஆசனத்தில் வந்தமர்ந்தார். தக்காளியும் முட்டையும் அவர்மீது பொழிந்தன. கண்ணீர்ப்புகைக் குண்டு ஒன்று வெடித்தது. அரங்கு கலைக்கப்பட்டது, முன்னிலையில் இருந்த டெற்றோயிற் அணிக்கு ஆட்டம் வழங்கப்பட்டது. வெளியே சென் கத்தரீன் வீதியிற் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின, கொள்ளையும் நடந்தது, பலர் கைதாயினர். மறுநாள் றிஷார் வானொலியிற் பேசி மக்களை அமைதி காக்க வேண்டினார். தண்டனையை ஏற்று அடுத்த ஆண்டு மீண்டு வருவதாகக் கூறினார். கலகம் அடங்கிற்று. அவ்வாண்டுக் கிண்ணத்தை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் ஹவின் அணி வென்றது.

கலகத்தின் பின் 'லெ டெவுவார்' நாளேட்டில் அந்திரே லொறாந்தோ எழுதிய கட்டுரை நினைவுகூரத் தக்கது. என் சகோதரன் றிஷாரைக் கொன்றுவிட்டனர் என்ற பொருள்பட அதற்கு அவர் தலைப்பிட்டார். 1885 இல் தூக்கிலிடப்பட்ட கிளர்ச்சித் தலைவர் லூயி றியேலுக்காக அன்று கியூபெக்கில் எழுந்த புலம்பலின் எதிரொலி அத்தலைப்பில் இருந்தது. ஹொக்கி இரசிகரின் கோபத்துக்கு அடியில் ஓர் இனத்தின் நெடுநாளைய மனப்புண் இருப்பதை அவர் கண்டார்.

எனினும் இங்கு நாம் நிதானிக்க வேண்டும். 1960 இல் லெசாஜ் அரசாங்கம் பதவியேற்றதுடன் தொடங்கிய மாற்றங்களைக் கியூபெக்கின் 'அமைதிப் புரட்சி' என்பர். அதன் முதற்பொறி றிஷார் கலகமே எனக் கூறும் வழக்கம் பிற்காலத்தில் எழுந்தது. இது பாதி உண்மை. 1949 இலேயே அஸ்பெஸ்ரொஸ் நகரில் ஏறத்தாழ 5,000 சுரங்கத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தஞ் செய்திருந்தனர். அவர்களை அடக்க மாகாணப் பொலிசாரை ஏவியவர் ஆங்கிலேயரல்லர். பிரெஞ்சு மொழியினரான முதல்வர் டூப்ளெசியே. இடதுசாரிகளின் மண்டபங்களைப் பூட்டுவதற்கு 1937 இற் சட்டம் இயற்றியவரும் அவரே. மொன்றியல் கழகத்தின் உரிமையாளர் குழுவுக்கு 1957 வரை தலைமை தாங்கியவரும் டொனா றேமொன் என்ற பிரெஞ்சுக் கனடியச் செனற்றரே. முதலாளி தன் மொழி பேசினான் என்பதனால் ஆட்டக்காரனின் ஒப்பந்தம் ஓர் எழுத்தேனும் மாறிவிடவில்லை. கலகம் ஒரு வாயிலைத் திறந்ததன்று. வாயிலுக்கு அப்பால் எவ்வளவு கூட்டம் நிற்கின்றது என்பதைக் காட்டியது. வாயிலைத் திறந்தவர்கள் தொழிற்சங்கத்தினரும் ஆசிரியரும் எழுத்தாளரும் மாணவருமே. மின்சாரக் கம்பனிகள் தேசியமயமாயின. 1964 இற் கல்விக்கு ஓர் அமைச்சு உருவாயிற்று. 1977 இல் பிரெஞ்சு வேலைத்தலத்தின் மொழியாகச் சட்டமாக்கப்பட்டது. 1972 இல் அம்மூன்று பெருந் தொழிற்சங்க இணைப்புகளும் ஒரே முன்னணியாக எழுந்தபோது, சிறை சென்ற மூன்று தலைவர்களுள் ஒருவர் ஆசிரியர் சங்கத் தலைவர்.

றிஷாரோ தம்மை வெறும் ஹொக்கி ஆட்டக்காரர் என்றே கூறி வந்தார். கொடி பிடிக்கவோ கோட்பாடு பேசவோ அவர் விரும்பவில்லை. மக்கள் தம் வேட்கையை அவர்மீது ஏற்றினர். அவர் அதைச் சுமந்தார். இதில் வியப்பில்லை. பேசுதற்கு வாய்ப்பில்லாத மக்கள், தம் சார்பிற் பேசாத ஒருவனிடத்தும் தம் குரலைக் கேட்பர்.

இனி ஹவின் முதுசத்தைக் காண்போம். அது கலகத்தால் உருவானதன்று. நீண்ட மௌனத்தாலும், அம்மௌனம் ஈற்றிற் கலைந்ததனாலும் உருவானது.

ஹவோடு ஒரே வரிசையில் முன்னணியில் ஆடியவர் டெட் லின்ட்சே. 1957 பெப்ரவரியில் அவரும் மொன்றியல் அணியின் டக் ஹார்வியும் பிறரும் சேர்ந்து ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அமைத்ததாக அறிவித்தனர். பனித்தளத்தில் ஒருவரை ஒருவர் இடித்து வீழ்த்திய எதிரிகள் இவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் கேட்டவை பெரியனவல்ல: குறைந்தபட்ச ஊதியம், தொலைக்காட்சி வருமானத்திற் பங்கு, தம் ஊதியத்திலிருந்து பணம் செலுத்தும் ஓய்வூதிய நிதியின் கணக்கைப் பார்க்கும் உரிமை. கணக்கைக் காட்ட உரிமையாளர் மறுத்தனர். அவ்வாண்டு யூலையில் லின்ட்சே சிக்காகோவுக்கு மாற்றப்பட்டார். நவம்பரில், முகாமையாளர் ஜக் அடம்ஸின் நெருக்குதலின் கீழ் டெற்றோயிற் வீரர்கள் சங்கத்தை விட்டு விலகினர். லீக்கின் முதல்வரிசை வீரராகிய ஹவ் அதனை எதிர்த்து நிற்கவில்லை. 1958 இல் சில சலுகைகளுடன் சங்கம் கலைந்தது. பின்னர் ஹார்வியும் மொன்றியலிலிருந்து அனுப்பப்பட்டார்.

ஹவைக் கோழை எனல் எளிது, ஆனால் நேர்மையாகாது. நெருக்கடிக் காலத்து வீட்டில், வேலை இருப்பதே வரம் என்ற உணர்வில் வளர்ந்தவர் அவர். முதலாளி நியாயமாக நடப்பான் என்று நம்பினார்; ஆண்டுதோறும் கொடுத்ததை வாங்கினார். 1968–69 பருவத்தில் அணித் தோழர் ஒருவர் தமது சம்பளத்தை வெளிப்படையாகக் கூறியபோதே, உலகின் தலைசிறந்த வீரர் எனப்பட்ட தாம் சொந்த அணியிலேயே சம்பளத்தில் மூன்றாமவர் என்பது அவருக்குத் தெரியவந்தது. இருபதாண்டுக்கு மேற்பட்ட விசுவாசத்தின் விலை அது. சம்பளத்தை இரகசியமாக வைத்தல் உரிமையாளரின் வலிய ஆயுதம் என்பதை எந்தத் தொழிற்சங்க வகுப்பும் இதனினும் தெளிவாகக் கற்பிக்க முடியாது.

கதை அத்துடன் முடியவில்லை. ஹவ் 1971 இல் ஓய்வு பெற்று, 1973 இற் போட்டி லீக் ஒன்றில் தம் இரு புதல்வருடன் ஒரே அணியில் ஆடத் தொடங்கி, 1980 வரை, 52 வயது வரை, ஆடினார். பத்தாண்டுகளின் பின் ஓய்வூதிய நிதியின் மிகுதிப் பணத்தைக் கழகங்கள் தமக்குப் பயன்படுத்திக்கொண்டன என்று முன்னாள் வீரர் எழுவர் வழக்குத் தொடுத்தனர். அந்த எழுவருள் ஹவும் ஒருவர். 1992 இல் ஒன்ராறியோ நீதிமன்றம் வீரருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மேன்முறையீடும் தோற்றது, 1994 இற் கனடிய உயர் நீதிமன்றம் உரிமையாளரின் மனுவை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. ஏறத்தாழ 4 கோடி டொலர் முதிய வீரர்களையும் அவர்தம் குடும்பங்களையும் சேர்ந்தது. 1957 இல் லின்ட்சே கேட்ட கணக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரே திறக்கப்பட்டது. அன்று மௌனமாக இருந்தவர், இம்முறை வழக்காளியாக நின்றார்.

இருவரும் ஆடுவதை நிறுத்திய பின் அவர்களுக்கு நேர்ந்ததும் ஒப்பு நோக்கத் தக்கது. 1960 களின் நடுப்பகுதியில் மொன்றியல் கழகம் றிஷாரை உபதலைவர் என்ற பட்டத்துடன் ஓர் ஆசனத்தில் அமர்த்திற்று. அதிகாரம் எதுவும் இல்லாததால் அவர் விரைவில் வெளியேறினார். 1971 இன் பின் டெற்றோயிற் கழகமும் ஹவை அலுவலகத்தில் இருத்தி, செய்வதற்கு வேலை எதுவும் கொடுக்கவில்லை. மொழியும் குணமும் வேறாயிருந்த இரு வீரருக்கும் கழகம் காட்டிய முகம் ஒன்றே.

சாதனை எண்கள் என்னாயின? றிஷாரின் 544 கோல்களை 1963 நவம்பர் 10 இல் ஹவ் கடந்தார். அதுவும் மொன்றியல் அணிக்கு எதிரான ஆட்டத்திலேயே. ஹவின் மொத்தப் புள்ளிச் சாதனையை 1989 இலும், 801 கோல் சாதனையை 1994 இலும் வெயின் கிறெற்ஸ்கி முறியடித்தார். கிறெற்ஸ்கியின் 894 கோல்களை 2025 ஏப்ரலில் ருஷ்யரான அலெக்ஸாந்தர் ஒவெச்கின் கடந்தார். எண்களின் ஏணியில் றிஷார் வெகு கீழே இறங்கிவிட்டார். ஆயினும் 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் மறைந்தபோது, மொன்றியல் அரங்கில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வரிசையில் நின்று அவரது உடலுக்கு அஞ்சலி செலுத்தினர். கியூபெக் அரச மரியாதையுடன் அவரை அடக்கஞ் செய்தது. வந்தோரிற் பலர் அவருடைய ஆட்டத்தை ஒருநாளும் கண்டிராத வயதினர்.

இலக்கியமும் அவரை ஏற்றுக்கொண்டது. றொக் கரியே எழுதி 1979 இல் வெளிவந்த, ஆங்கிலத்தில் 'ஹொக்கி சுவெற்றர்' எனப் பெயர் பெற்ற சிறுகதையில், கிராமத்துச் சிறுவர் அனைவரும் றிஷாரின் இலக்கம் பொறித்த சுவெற்றரையே அணிகின்றனர். ஒரு சிறுவனின் தாய், ஆங்கிலத்தில் மட்டும் அச்சான கடைப் படிவத்தை நிரப்ப மனமின்றி, கடிதம் எழுதிப் புதுச் சுவெற்றர் கேட்கின்றாள். வந்து சேர்வதோ எதிரணியான ரொறன்ரோவின் உடுப்பு. சிறுவனின் சிறிய துயரத்தில் மொழிப் பிரச்சினை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. அக்கதையின் வரிகள் 2002 இல் வெளியான கனடிய ஐந்து டொலர் நாணயத்தாளில் இரு மொழிகளிலும் அச்சாயின. எதிர்ப்பின் நினைவு அரசின் அலங்காரமாவதும் வரலாற்றில் வழமையே.

ஹவ் 2016 யூனில் மறைந்தார். டெற்றோயிற் அரங்கில் அவருடைய பேழை வைக்கப்பட்டது; மோட்டார்த் தொழிலாளரின் நகரம் ஒருநாள் முழுவதும் வந்து வணங்கிச் சென்றது. டெற்றோயிற் நகரையும் கனடாவின் வின்சர் நகரையும் இணைப்பதற்கெனத் திட்டமிடப்பட்ட பெரும் பாலத்துக்கு 2015 இலேயே அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. கனடாவிற் பிறந்து அமெரிக்க நகரில் உழைத்த மனிதருக்கு அது ஏற்ற நினைவுச் சின்னம். கியூபெக் றிஷாரைத் தன் விடுதலையின் சாயலிற் கண்டது. டெற்றோயிற் ஹவைத் தன் உழைப்பின் சாயலிற் கண்டது.

இவ்விரு முதுசங்களுள் எது பெரிது? வெளிப்பார்வைக்கு றிஷாருடையதே பெரிது. ஒரு தேசிய இனத்தின் தன்மான உணர்வோடு கலந்த பெயர், சாதனைப் பட்டியல்களைச் சார்ந்து வாழ்வதில்லை. ஆனால் அம்முதுசத்திற் கூலியின் கணக்கு இல்லை. தன் இனத்துச் செனற்றர் தன்னை ஒப்பந்தத்தாற் பிணைத்திருந்ததை அக்கலகம் கேட்கவில்லை. ஹவின் முதுசத்திற் கூலியின் கணக்கு உண்டு. காலந் தாழ்ந்தேனும் அது தீர்க்கப்பட்டது. ஆனால் ஒற்றுமை வேண்டப்பட்ட தருணத்தில் அது இல்லாமற் போன குறையும் அதனுள் உண்டு. மொன்றியல் இரசிகர் டெற்றோயிற் அணியை வெறுத்தனர். டெற்றோயிற் இரசிகர் மொன்றியலை வெறுத்தனர். அவ்வெறுப்பே அரங்குகளை நிரப்பியது. இரு அணியினரும் ஒரே வகை ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டவர்கள் என்பதை லின்ட்சேயும் ஹார்வியும் கண்டனர். அதற்கான விலையையும் கொடுத்தனர். மொழியுரிமைக்கான போராட்டம் வர்க்க உணர்வைப் பெறாதவிடத்து அது சொந்த இனத்து முதலாளிக்கு ஏணியாகலாம். கூலிப் போராட்டம் ஒடுக்கப்பட்ட மொழியினரின் மனப்புண்ணை உணராதவிடத்து அது பாதி மக்களையே சென்றடையும். இவ்விரண்டும் அமைதிப் புரட்சியின் அனுபவம் கற்பித்த பாடங்கள்.

ஈற்றில் இரு விருதுகளைக் குறிப்பிடுதல் பொருந்தும். 1999 முதல், பருவத்தில் அதிக கோல் அடித்தவருக்கு லீக் வழங்கும் விருது மொறீஸ் றிஷாரின் பெயரைத் தாங்குகின்றது. அவரை மௌனமாக்கித் தடை செய்த அதே லீக்கே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. பருவத்தின் தலைசிறந்த வீரரை ஆட்டக்காரர் தாமே வாக்களித்துத் தெரிந்து வழங்கும் விருதுக்கு அவர்களின் சங்கம் 2010 இற் புதிய பெயர் சூட்டியது. அப்பெயர் றிஷாருடையதுமன்று, ஹவினுடையதுமன்று. இருவரை விடவும் குறைந்த கோல்களே அடித்து, சங்கம் அமைத்ததற்காக அணியிலிருந்து அகற்றப்பட்ட டெட் லின்ட்சேயின் பெயர் அது.